வகிட்டுக்குப் பக்கத்தில்

ஊசியக்கா என்று சொன்னால் படப்பிடிப்புத் தளத்தில் லைட்டு தூக்குகிறவருக்கும் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே உடனே திரும்பிப் பார்க்க மாட்டாள். நடிகைகளுக்குத் தலை அலங்காரம் செய்வது அவள் தொழில். வேலை செய்யும்போது கொண்டை ஊசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொள்வாள். ஆளும் ஒல்லி, நெட்டை, நடுவில் லேசாக ஒரு வளைவு. யாரோ ஒரு கேமரா உதவியாளர் கிண்டலாகக் ‘கொண்டை ஊசி’ என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வாயில் ஊசி இருக்கும்போது கோபித்துக்கொள்ள முடியாது என்பதும் ஒரு காரணம்.

அவள் தலைவாரிவிட்டது பெரும்பாலும் ஒரே ஒரு தலையைத்தான். பாப்பாவின் தலை. நான்கு வயதில் நடிக்க வந்ததால் எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டார்கள். பிறகு கதாநாயகி ஆனாள், பரிசுகள் வாங்கினாள், கன்னத்தோரம் நரை எட்டிப் பார்த்தது, அப்போதும் பாப்பாதான். தாமதமாக வந்தாலும் பாப்பா, வராமலே போனாலும் பாப்பா. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பாப்பாவை யார் அதட்டுவது?

வெளியே இருப்பவர்களுக்குப் பாப்பா சிரித்த முகம். உள்ளே அவள் பட்ட பாட்டை ஊசியக்கா அறிவாள். தூக்கம் வராது. வந்தால் எழுந்திருக்க முடியாது. ஒரு வசனம் தடுமாறினால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கை. மனசு சரியில்லை என்றால் பாப்பாவின் வலது கை தானாக உச்சந்தலைக்குப் போகும். வகிட்டுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முடியாகப் பிடித்து, வேரோடு பிடுங்கும். வலிப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். யாரோ காதில் ஏதோ சொல்ல, அதைக் கவனமாகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள். காலப்போக்கில் அங்கே உள்ளங்கை அளவுக்கு வழுக்கை விழுந்துவிட்டது. பார்த்தால் நெஞ்சு பதறும்.

அதை மறைத்ததுதான் ஊசியக்காவின் வாழ்நாள் வேலை. கடையில் விற்கும் சவுரி எதுவும் பாப்பாவின் முடியோடு சேரவில்லை. ஒன்று மினுங்கியது, ஒன்று விறைத்தது, குளோசப்பில் இரண்டும் காட்டிக்கொடுத்தன. ஊசியக்கா ஒருநாள் கண்ணாடி முன் நின்று தன் முடியை எடுத்துப் பாப்பாவின் முடியோடு வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து தன் பிடரியில் வளர்ந்ததை வெட்டி, மெல்லிய வலையில் இழை இழையாகக் கோத்து, அந்த வெறும் இடத்தின் மேல் வைத்துப் பின்னினாள். ‘அடர்ந்த கூந்தல் அழகி’ என்று பத்திரிகைகள் எழுதின. அந்த அடர்த்தியில் பாதி யாருடையது என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

“உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்க்கா?” என்று பாப்பா கேட்பாள்.

“கையைக் கீழ வெச்சுக்கிட்டாப் போதும் தாயே” என்பாள் ஊசியக்கா. இருவரும் சிரிப்பார்கள்.

பாப்பாவுக்கு ஒரு அண்ணன். கால்ஷீட் அவர் கையில், சாவி அவர் கையில், பாப்பா எதைச் சாப்பிடலாம், யாரோடு பேசலாம் என்பதும் அவர் கையில். தளத்தில் எல்லோருக்குமே அவர் அண்ணன்தான். மரியாதையாகப் பேசுவார். ஆனால் அவர் அறைக்குள் நுழைந்தால் பாப்பாவின் கை மேலே போகும். ஊசியக்காவுக்கு அந்த மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஒரு கட்டத்தில் பாப்பாவுக்குத் துணிச்சல் வந்தது. தனி வீடு பார்த்தாள். இனிமேல் கதையை நானே தேர்ந்தெடுப்பேன் என்றாள். ஊசியக்காவைக் கூட்டிக்கொண்டு போய் வாசல் மிதியடி வரைக்கும் வாங்கி வைத்தாள். குடி போவதற்குள் ஒரு வார இதழில் ஒரு புகைப்படம் வந்தது. பாப்பா ஒருக்களித்துத் தூங்குகிறாள். சவுரித் துண்டு கழன்று தலையணையில் கிடக்கிறது. உச்சந்தலையின் வழுக்கை அப்பட்டமாக, பக்கம் முழுக்க.

ஊரே சிரித்தது. கையெழுத்தாகும் நிலையில் இருந்த படங்கள் கைநழுவின. தனி வீட்டுக் கனவு அத்தோடு முடிந்தது. அண்ணன்தான் தாங்கிப் பிடித்தார், அண்ணன்தான் ஆறுதல் சொன்னார், எடுத்தவன் யாரென்று தெரிந்தால் கையை உடைப்பேன் என்று அண்ணன்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்.

ஆனால் அந்தப் படத்தின் மூலையில் ஒரு திரைச்சீலை தெரிந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் நீலக் கோடு. அண்ணன் வீட்டின் மாடி அறைத் திரைச்சீலை. அந்த அறைக்குள் அண்ணனைத் தவிர வேறு யாரும் கதவைத் தட்டாமல் போக முடியாது. பாப்பாவும் ஊசியக்காவும் இதழை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அந்தத் திரைச்சீலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதக்கா” என்றாள் பாப்பா.

“என்ன பாப்பா இது? தெரிஞ்சும் சும்மா இருக்கச் சொல்றியா?”

“அண்ணனையும் விட்டா எனக்கு யாரு இருக்கா? உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“வெளியில என்னைத்தான் சொல்லுவாங்க. உன் தலையைத் தொடறவ நான் ஒருத்திதான்.”

“எவன் என்ன சொன்னா என்ன? எனக்குத் தெரியும், நீ இல்லைன்னு. அது போதாதா?”

போதும் என்று தலையாட்டினாள் ஊசியக்கா. மனப்பூர்வமாகத்தான் ஆட்டினாள். அதைத்தான் நினைத்து நினைத்துப் பிறகு வயிறெரிந்தாள்.

அவள் பயந்தபடியே நடந்தது. நேருக்கு நேர் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் ஒப்பனை அறைக்குள் வந்தால் பேச்சு நின்றது. மற்ற நடிகைகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வாசலில் மறித்தபோது வாயில் ஊசி இல்லாமலே வாயை மூடிக்கொண்டு போனாள். பாப்பாவுக்கும் படங்கள் குறைய, ஊசியக்கா சினிமாவை விட்டு விலகி மகளோடு ஒரு சலூன் திறந்தாள்.

சின்ன இடம். முன்னால் இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. சுவரில் பாப்பாவோடு எடுத்த படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் பாப்பா முழுசாக இருந்தாள், ஊசியக்காவின் முழங்கை மட்டும் இருந்தது. “இது நான்” என்று முழங்கையைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

முன்னறைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சலூனின் உயிர் அங்கேதான் இருந்தது. நோயில் முடி இழந்தவர்கள், பிரசவத்துக்குப் பிறகு கொத்துக்கொத்தாகக் கொட்டியவர்கள், பாப்பாவைப்போல் தாங்களே பிடுங்கிக்கொண்டவர்கள் அங்கே வந்தார்கள். புருஷனிடம்கூடக் காட்டாத தலையை ஊசியக்காவிடம் அவிழ்த்துக் காட்டினார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொல்லி, அவள் இன்னொருத்தியை அனுப்பி, விளம்பரம் இல்லாமலே அந்த அறை நிரம்பியது. அங்கே கேட்டது அங்கேயே கிடக்கும். பார்த்தது பக்கத்து நாற்காலிக்குப் போகாது. கைத்திறமை உள்ளவர்கள் ஊரில் எத்தனையோ பேர். இவளிடம் அவர்கள் வந்தது நம்பி வந்தது. அதுதான் ஊசியக்கா சம்பாதித்த ஒரே சொத்து.

இப்படி இருக்கும்போதுதான் பாப்பாவின் வாழ்க்கையைப் படமாக எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. டைரக்டர் சின்ன வயசு, தாடி, பணிவு. சலூனுக்கே நேரில் வந்தார்.

“அக்கா, நீங்க இல்லாம இந்தப் படமே இல்லை” என்றார்.

அந்த மனிதர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது ஊசியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பாப்பாவாக நடிக்கும் பெண்ணுக்கு விக் செய்ய வேண்டும், உச்சந்தலையில் அந்த வெறும் இடம் அப்படியே தெரிகிற மாதிரி. பாப்பாவே சம்மதித்துவிட்டாளாம். ‘எல்லாத்தையும் காட்டுங்க, எனக்கு இனி மறைக்க ஒண்ணுமில்லை’ என்றாளாம்.

“எங்க பாப்பா தேறிட்டா பாத்தியா?” என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

விக்கைச் செய்ய அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வழுக்கையின் ஓரம் நேராக இருக்காது, அங்கங்கே தப்பித்த குட்டை முடி ரெண்டு நிற்கும், நடுவில் தோல் பளபளக்கும். எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை. ஊசியக்காவாக நடிப்பதற்கு ஒரு புதுப்பெண்ணைப் போட்டிருந்தார்கள். சுருட்டை முடி, துருதுரு கண். சுருட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கும் பாடம் நடந்தது. ஊசியைக் கவ்வும்போது பல்லில் படக்கூடாது, உதட்டில்தான் பிடிக்க வேண்டும். சவுரியை எடுக்கும்போது இடப்பக்க ஊசிதான் முதலில். பாப்பா தூங்கினால் நாற்காலியை அசைக்காமல் சுற்றி வர வேண்டும், இப்படி, இடுப்பை வளைத்து.

சுருட்டை அப்படியே செய்து காட்டினாள். தளமே சிரித்துக் கைதட்டியது. ஊசியக்காவுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை.

படத்தின் கதையை அவள் ஏன் கேட்கவில்லை என்று இப்போது பலர் கேட்கிறார்கள். சினிமாவில் தலை அலங்காரக்காரிக்கு யாரும் கதை சொல்வதில்லை. இந்தக் காட்சியில் பின்னல், அடுத்ததில் விரித்த தலை, அதற்கடுத்ததில் ஈரத்தலை. அவளுக்குக் கிடைக்கிற கதை அவ்வளவுதான். காலமெல்லாம் அப்படியே வேலை செய்தவளுக்கு, தானும் அந்தக் கதையில் ஒரு ஆள் என்பதும், ஆகவே கேட்டுப் பார்க்கலாம் என்பதும் தோன்றவே இல்லை.

பாப்பா தூங்கும் காட்சியை எடுத்த காலையில் விக்கை மாட்டிவிட்டு மானிட்டருக்குப் பின்னால் நின்றாள், ஓரம் தூக்கிக்கொள்கிறதா என்று கவனிக்க. தளத்தில் ஒப்பனை அறை போட்டிருந்தார்கள். பாப்பாவாக நடிப்பவள் நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறாள். சுருட்டை, உதட்டில் ஊசிகளோடு, இடுப்பை வளைத்து நாற்காலியைச் சுற்றி வருகிறாள். இடப்பக்க ஊசியை முதலில் எடுக்கிறாள். சவுரித் துண்டைப் பூப்போலத் தூக்கித் தலையணையில் வைக்கிறாள். நல்லா செய்யுதே இந்தப் பொண்ணு என்று ஊசியக்கா மெச்சிக்கொண்டிருக்கும்போதே, சுருட்டை பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்தாள். வாசலைப் பார்த்தாள். தூங்குகிறவளின் தலைக்கு நேராக வைத்து அழுத்தினாள்.

“கட்! பிரமாதம்!” என்று டைரக்டர் துள்ளி எழுந்தார்.

ஊசியக்கா மானிட்டரை விட்டு ஒரு அடி பின்னால் போனாள். தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்றுகூட நினைத்துப் பார்த்தாள். சுருட்டை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, சரியா வந்துதா? அந்த நேரத்துல உங்களுக்குக் கை நடுங்குச்சா? நான் கொஞ்சம் நடுங்க விட்டேன்.”

ஊசியக்கா கையை உருவிக்கொண்டு பாப்பாவைத் தேடிப் போனாள். அன்றைக்குப் பாப்பாவும் படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தாள். வெளியே நிறுத்தியிருந்த கேரவனில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊசியக்காவின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து கதவைச் சாத்தினாள்.

“பாத்துட்டியா?” என்றாள்.

“நீதான் சொன்னியா பாப்பா? நான் எடுத்தேன்னு?”

“அந்த டைரக்டர் பையன் கேட்டான்க்கா, யார் எடுத்ததுன்னு. அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தார். நான் என்னன்னு சொல்றது?”

“தெரியாதுன்னு சொல்றது.”

“நானும் அதைத்தான் முதல்ல சொன்னேன். தெரியாதுன்னா படத்துல எப்படிக் காட்டுறதுன்னு கேட்டான்.”

“அதுக்கு? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?”

“வேற யாரைச் சொன்னாலும் கேஸ் போடுவாங்க. நீ போட மாட்டே. நீ என்னை மன்னிச்சிடுவே. நீ என் ஆளுக்கா.”

நீ என் ஆளு. பாப்பா பிரியம் பொங்கினால் சொல்லும் வார்த்தை அது. அதைக் கேட்பதற்காகவே எத்தனையோ நாள் பட்டினியோடு நின்று வேலை செய்திருக்கிறாள். இப்போது அதே வார்த்தையை வைத்துக் கழுத்தறுத்தாள் பாப்பா. எதிரி என்றால் பயந்திருப்பாளாம், அந்நியர் என்றால் யோசித்திருப்பாளாம். சொந்த ஆள் என்பதால் கூசாமல் தூக்கிக் கொடுத்துவிட்டாளாம். என்ன நியாயம் இது?

“என் பிடரி முடியை வெட்டி உன் உச்சந்தலையில வெச்சவடி நான்!” என்று கத்தினாள் ஊசியக்கா. அதுவரைக்கும் பாப்பாவை அவள் ‘டி’ போட்டதே இல்லை. “உன் அண்ணன் பண்ணின வேலைக்கு நான் வாயைக் கட்டிக்கிட்டு வெளியே போனேன். எனக்குத் தெரியும்னு நீ சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்காகப் போனேன். இப்ப அந்த வார்த்தையையும் பிடுங்கிக்கிட்டியே!”

பாப்பா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே கை மேலே போனது. ஊசியக்காவின் கை, எசமானியைக் கேட்காத வேலைக்காரியாக, தானே போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கியது. பிறகு தன் கையின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“அந்த சீனைத் தூக்கச் சொல்றேன்க்கா. சத்தியமாச் சொல்றேன். எனக்கு ரெண்டு நாள் டைம் குடு.”

நம்பினாள். இத்தனைக்குப் பிறகும் நம்பினாள்! அவள் காதைப் பிடித்துத் திருகலாம்போல இருக்கிறது, ஆனால் காலமெல்லாம் ஒரு தலையையே தொட்டு வளர்ந்த கைக்கு வேறென்ன தெரியும்?

கேரவனை விட்டு இறங்கியதும் சுருட்டை நின்றுகொண்டிருந்தாள். கதவு மெல்லிசு. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“நிஜமாவே நீங்க எடுக்கலையாக்கா?”

“இல்லைம்மா.”

சுருட்டையின் கண் கலங்கியது. பிறகு தயங்கித் தயங்கி, “டைரக்டர்கிட்ட நீங்க சொல்லிடாதீங்கக்கா” என்றாள். “இந்தப் படத்துல எனக்குன்னு இருக்கற நல்ல சீன் அது ஒண்ணுதான்.”

படம் வெளியானது. ஊசியக்கா போகவில்லை. மகள் தோழியோடு பகல் காட்சிக்குப் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் துண்டுகளை மடிக்க உட்கார்ந்தாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“தூக்கிட்டாங்களா?” என்றாள் ஊசியக்கா.

“இல்லைம்மா. இன்னும் நீட்டியிருக்காங்க. பின்னாடி மியூசிக் வேற.”

“ஜனங்க என்ன சொன்னாங்க?”

“பாவின்னாங்க. கூட இருந்தே கொல்றவன்னாங்க. என் பக்கத்துல இருந்த அம்மா சீட்டுல உக்காந்தபடியே திட்டினாங்க.” மகள் துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது எங்கம்மா, அவங்க அப்படிச் செய்யலைன்னு வாய் வரைக்கும் வந்துதும்மா. சொல்லலை. எழுந்து வந்துட்டேன்.”

ஊசியக்கா அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு துண்டு மடித்தாள். பெற்ற மகளுக்கே வாய் வராத இடத்தில் மற்றவர்களை என்ன சொல்வது என்று நினைத்தாள்.

டைரக்டருக்குப் போன் போட்டாள். “அக்கா, கற்பனை கலந்ததுன்னு முதல்லயே போட்டிருக்கோமே, உங்க பேரைக்கூடச் சொல்லலையே” என்றார் அதே பணிவோடு. உண்மைதான், பெயரைச் சொல்லவில்லை. பெயர் எதற்கு? ஊசி கவ்வும் உதடு, வளைந்த இடுப்பு, இடப்பக்கத்திலிருந்து தொடங்கும் கை. அவளைத் தெரிந்த எவருக்கும் ஒரு சந்தேகம் வராதபடி, பார்த்துப் பார்த்து அவளே சொல்லிக்கொடுத்திருந்தாளே! பாப்பாவுக்குப் போன் போட்டாள். எடுத்தது அண்ணன். “பாப்பா ரெஸ்ட்ல இருக்கும்மா” என்றார். குரலில் கனிவு வழிந்தது.

முதலில் பின்னறை காலியாகத் தொடங்கியது. ஒருத்தி வருவதாகச் சொல்லி வரவில்லை. இன்னொருத்தி வீடு மாற்றிவிட்டதாகச் சொன்னாள், மறுவாரம் அதே தெருவில் காய்கறிப் பையோடு எதிரே வந்தாள். நெடுநாள் வரும் டீச்சர் ஒருத்தி இருந்தாள், நோயில் முடி முழுக்க இழந்தவள், ஊசியக்கா செய்த விக்கோடுதான் வகுப்புக்குப் போகிறவள். அவள் வந்தாள். பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து விக்கில் கை வைத்தவள் நிறுத்திவிட்டாள்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க போன் எங்க இருக்கு?”

ஊசியக்கா மகளைக் கூப்பிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மேலங்கிப் பையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். டீச்சர் கூனிக்குறுகிப்போய், “ஐயோ, சும்மா கேட்டேன்” என்றாள். விக்கைக் கழற்றாமலே, மாட்டியபடியே ஓரங்களை மட்டும் சரிசெய்துகொண்டு போனாள். கதவு சாத்திய பிறகு ஊசியக்கா வாய்விட்டு அழுதாள். வழுக்கைத் தலையை அவளிடம் மறைக்க வேண்டும் என்று ஒருத்தி நினைத்தது அதுவே முதல் தடவை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம் பின்கதவு தட்டப்பட்டது. சந்துக்குத் திறக்கும் கதவு அது, குப்பை எடுப்பவரைத் தவிர யாரும் தட்டுவதில்லை. மகள் திறந்தாள். கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றி ஸ்கார்ஃப், தோளெல்லாம் நனைந்து பாப்பா நின்றாள்.

“உள்ள வரலாமாக்கா?”

மகள் வழிவிடாமல் நின்றாள். ஊசியக்கா கண்ணால் சாடை காட்டிய பிறகுதான் நகர்ந்தாள். பாப்பா பின்னறை நாற்காலியில் வந்து விழுந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“அண்ணன் ஒரு புதுப் பொண்ணை வெச்சிருக்கார் எனக்குத் தலை பண்ண. அவ கை எனக்கு ஒத்துக்கலை. எப்பப் பாரு கையில போனு. அவ சீப்பை எடுத்தாலே எனக்கு உடம்பு நடுங்குது. நாளைக்கு டிவிக்காரங்க வராங்க, படம் நல்லாப் போகுதுன்னு பேட்டி எடுக்க.” ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். வழுக்கை காதுவரைக்கும் இறங்கியிருந்தது. “உன்னைத் தவிர யாரை நம்பிக்கா நான் தலையை அவிழ்க்கறது?”

மகளுக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. ஊசியக்கா அந்தத் தலையைப் பார்த்தாள். புதிதாகப் பிடுங்கிய இடங்களில் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. பாவம் என்றும் இருந்தது, பளாரென்று ஒன்று விடலாம் என்றும் இருந்தது. விரல்கள் துறுதுறுத்தன. அவற்றை மடக்கிக்கொண்டாள்.

“இப்ப என்ன சொன்னீங்க?” என்று கேட்டாள்.

“என்னக்கா ‘நீங்க’ன்னு பேசறே?”

“இப்ப என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.”

“உன்னைத் தவிர யாரை நம்பறதுன்னேன்.”

“அதை முன்னாடி வந்து சொல்லுங்க.” திரையைக் காட்டினாள். “ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. டிவியில சொல்ல வேண்டாம், கோர்ட்டுல சொல்ல வேண்டாம். அந்த ரெண்டு பேர்கிட்டச் சொல்லுங்க. இவ எடுக்கலைன்னு ஒரு வரி. அண்ணன் பேரைக்கூட இழுக்க வேண்டாம். சொல்லிட்டு வந்து உக்காருங்க, நான் செஞ்சு விடறேன்.”

பாப்பா எழுந்தாள். உண்மையிலேயே எழுந்தாள். திரைவரைக்கும் போய் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். டீச்சர் ஒரு இதழைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, மூலைத் தையல்கடைக்காரி, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். ஊசியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைப்படமெல்லாம் எந்த மூலைக்கு, இந்த இரண்டு பேருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் பின்னறை நிரம்பும்.

பாப்பா திரையை விட்டுவிட்டாள்.

“அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. அவங்க என்ன நினைச்சா உனக்கென்ன? எனக்குத்தான் தெரியுமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சு எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை” என்றாள் ஊசியக்கா. குரல் உயரவில்லை. “நீங்க போங்க.”

பாப்பா கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது மனசு மாறுவார்கள் என்று எதிர்பார்த்து நிற்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், எப்போதும் யாராவது மாறியிருக்கிறார்கள். இந்தத் தடவை யாரும் மாறவில்லை. ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டாள். சரியாகக் கட்டத் தெரியவில்லை, ஒரு பக்கம் தொங்கியது. பின்கதவு வழியாகவே மழைக்குள் இறங்கிப் போனாள்.

“போய்க் கத்தட்டுமாம்மா? இப்பவே முன்னாடி போய், யார் வந்துட்டுப் போனாங்க, எதுக்கு வந்தாங்கன்னு?” என்றாள் மகள். கண்ணில் நீர் நின்றது.

“அவ தலையை அவிழ்த்துக் காட்டினா. இந்த அறையில காட்டினா” என்றாள் ஊசியக்கா. “பேசாம இரு.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். டீச்சர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். ஊசியக்கா நாலைந்து ஊசியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவள், என்ன நினைத்தாளோ, மேசையிலேயே வைத்துவிட்டாள்.

“யாருக்கா பின்னாடி? ரொம்ப நேரமாப் பேச்சுச் சத்தம் கேட்டுதே” என்றாள் தையல்கடைக்காரி.

“ஒருத்தங்க. என்னை நம்பி வந்தாங்க.”

“உங்களை நம்பியா!” என்று தையல்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் மடியில் இருந்த கை மெல்ல எழுந்து விக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது, ஊசியக்கா வேலையை முடிக்கும்வரை அங்கேயே இருந்தது.